முழியப்பனின் ராசியான பயோடேட்டா

ஒரு காட்டில், அது எந்தக் காடு, எந்த மாவட்டம் என்றெல்லாம் நடுவில் கேட்டுத் தொந்தரவு செய்யக்கூடாது, ஒரு தேவாங்கு இருந்தான். கையளவு உடம்பு, குச்சி குச்சியாகக் கை கால், முகத்தில் முக்கால்வாசி கண். அதனால் முழியப்பன் என்று பெயர் வைத்துவிட்டார்கள். கும்மிருட்டில் எதிர்மரத்துக் கிளையில் ஊர்கிற எறும்புக்கு எந்தக் காலில் சுளுக்கு என்றுகூடச் சொல்லிவிடுவான். ஆனால் பொழுது விடிந்தால் போச்சு. கண்ணைத் திறக்கவே முடியாது. நின்றால் தூக்கம், உட்கார்ந்தால் தூக்கம், பேசிக்கொண்டிருக்கும்போதே தூக்கம். நடையும் கொஞ்சம் மெதுவு. கொஞ்சம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன்.

முழியப்பனும் அவன் மனைவி வள்ளிக்கொடியும் ஒரு வேங்கை மரப் பொந்தில் குடியிருந்தார்கள். வள்ளிக்கொடி மாசமாக இருந்தாள். அந்த நேரம் பார்த்து ஓர் இருவாச்சிப் பறவை மூக்கும் முழியுமாக வந்து பொந்தின் வாசலில் உட்கார்ந்தது.

"வீட்டைக் காலி பண்ணுங்க. என் சம்சாரம் முட்டை வைக்கப்போறா."

"நானும்தாங்க மாசமா இருக்கேன்" என்றாள் வள்ளிக்கொடி.

"முட்டை வைப்பியா?"

"இல்லைங்க, குட்டி."

"குட்டிக்கெல்லாம் சட்டத்துல இடமில்லம்மா. முட்டைக்குத்தான் பொந்து. மழை பிடிக்கிறதுக்குள்ள கிளம்பிடுங்க" என்று சொல்லிவிட்டு இருவாச்சி வீட்டை அளந்து பார்க்க ஆரம்பித்துவிட்டது.

சட்டம் என்று சொல்லிவிட்டால் தேவாங்கு என்ன செய்யும்? புருஷனும் பெண்டாட்டியும் ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பெரிய கண்கள் வேறு, பார்க்கவே பாவமாக இருந்தது.

அந்த வாரத்திலேயே ஒரு மைனா மரத்துக்கு மரம் கத்திக்கொண்டு போனது. "பலாத்தோப்புக்கு இரவுக் காவலர் தேவை! தோப்பிலேயே பெரிய பலாமரப் பொந்தில் குடும்பத்தோடு தங்க இடம் உண்டு! பயோடேட்டாவோடு வரவும்!"

பலாத்தோப்பு அந்தக் காட்டு ராஜாவான சிங்கத்துடையது. பழுக்கிற பழமெல்லாம் ராத்திரியில் காணாமல் போய்க்கொண்டிருந்தது. சிங்கம் பலாப்பழம் தின்னுமா என்று கேட்பீர்கள். தின்னாது. ஆனால் நம் வீட்டுச் சாமானை ஒருத்தன் தூக்கிக்கொண்டு போனால், அது நமக்கு வேண்டாத சாமானாக இருந்தாலும் வயிறு எரியத்தானே செய்யும்?

திருடன் யார் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இது ஒன்றும் துப்பறியும் கதை இல்லை. தோப்பு அதிகாரியாக இருந்த கரடியார்தான் திருடன். பகலில் தோப்பைப் பார்த்துக்கொள்வார், ராத்திரி தோப்பைத் தின்பார். காவலரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பையும் சிங்கம் அவரிடமே கொடுத்திருந்தது. அனுபவசாலி ஆயிற்றே.

மைனா சொன்னதைக் கேட்டதும் வள்ளிக்கொடி முழியப்பனை உலுக்கி எழுப்பினாள். "ஏங்க, இது உங்களுக்குன்னே வந்த வேலைங்க! ராத்திரி முழுக்க நீங்க சும்மாதானே முழிச்சிருக்கீங்க. அதுக்குச் சம்பளமும் வீடும் தர்றேங்கிறாங்க!"

முழியப்பனுக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரு நல்ல மந்தாரை இலையாகப் பார்த்துப் பறித்து, முள்ளால் கீறி எழுதினான். 'என் பெயர் முழியப்பன். ராத்திரி தூங்க மாட்டேன். இருட்டில் நன்றாகக் கண் தெரியும். சத்தமில்லாமல் நடப்பேன். வேகமாக நடக்க வராது. பகலில் எதுவும் கேட்காதீர்கள். வேலை கொடுத்தால் விசுவாசமாக இருப்பேன்.' அவ்வளவுதான். அதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது.

சிங்கத்தின் அலுவலகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. வருகிற பயோடேட்டாவை எல்லாம் யார் உட்கார்ந்து படிப்பது? அதனால் எல்லாவற்றையும் கட்டாகக் கட்டி ஒரு கறையான் புற்றின் மேல் வைத்துவிடுவார்கள். மறுநாள் காலையில் எது மிச்சம் இருக்கிறதோ அந்த ஆளை நேர்காணலுக்குக் கூப்பிடுவார்கள். இதற்கு முதல்கட்டத் தேர்வு என்று பெயர். ரொம்ப நவீனமான முறை என்று பக்கத்துக் காட்டிலிருந்தெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

மறுநாள் முழியப்பன் போய்ப் பார்த்தபோது அவன் இலையில் காம்புகூட மிச்சமில்லை. புற்று வாசலில் ஒரு வயதான கறையான் பல் குத்திக்கொண்டு நின்றது.

"ஐயா, என் பயோடேட்டா என்ன ஆச்சுங்க?"

"மந்தாரை இலையா? ஆஹா! ரொம்பப் பிரமாதம்ப்பா. வழவழா கொழகொழா எதுவும் இல்லாம, சுத்தமான இலை. எங்க வீட்டுப் பிள்ளைங்க இன்னொண்ணு கிடைக்குமான்னு அழுதுச்சுங்க."

"அப்போ வேலை?"

"தின்னாச்சேப்பா. மிஞ்சினாத்தானே வேலை?"

"நல்லா இருந்ததுன்னு சொல்றீங்களே!"

"நல்லா இருந்ததாலதானே தின்னோம்" என்றது கறையான். நல்லவேளையாக அந்த முறை ஒருத்தருடையதும் மிஞ்சவில்லை. அதனால் தேதியைத் தள்ளிவைத்திருந்தார்கள்.

முழியப்பன் மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தான். இருவாச்சி அதற்குள் வாசலைச் சேறு வைத்துச் சின்னதாக்க ஆரம்பித்திருந்தது. உள்ளே நுழையவே வள்ளிக்கொடிக்கு வயிற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"நாமளா எழுதினா ஆகாதுங்க" என்றாள் அவள். "ஊர்ல எல்லாரும் கோதண்டத்துகிட்டதான் போறாங்க. நீங்களும் போங்க. கௌரவம் பார்க்காதீங்க."

கோதண்டம் ஒரு குரங்கு. ஆற்றங்கரையில் நாவல் மரத்தடியில் 'கோதண்டம் பயோடேட்டா சென்டர்' வைத்திருந்தான். வாசலில் எப்போதும் கூட்டம். முயல், மான், காட்டுப்பன்றி எல்லாம் வரிசையில் நின்றன. கோதண்டம் ஒரு வாயில் நாவல்பழமும் இன்னொரு வாயில் பேச்சுமாக, அதாவது ஒரே வாயில் இரண்டுமாக, வியாபாரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வாங்கண்ணே. என்ன வேணும்? சாதாவா, ஸ்பெஷலா, ராசியா?"

"என்னப்பா வித்தியாசம்?"

"சாதான்னா வெறும் இலை. வெச்ச அன்னைக்கே கறையான் காலி பண்ணிடும். ஸ்பெஷல்ல வேப்பெண்ணெய் தடவித் தருவோம். கறையான் மோந்து பார்த்துட்டு ஓடியே போயிடும். ராசின்னா, வேப்பெண்ணெயும் தடவி, ஏற்கெனவே ஒருத்தருக்கு வேலை கிடைச்ச பயோடேட்டாவை அப்படியே உங்க பேர்ல இறக்கித் தருவோம். போன வருஷம் ஒருத்தர் வாங்கிட்டுப் போனாரு. நேரா அரண்மனையில வேலை. இன்னைக்கு அவரு குரல் கேட்டுத்தான் ராஜாவே எழுந்திருக்கிறாரு, தெரியும்ல?"

வாங்கிக்கொண்டு போனது ஒரு காட்டுச்சேவல். ராஜாவை விடியற்காலையில் கூவி எழுப்புகிற வேலை. அந்தச் சேவலின் பயோடேட்டாவைத்தான் கோதண்டம் அன்றிலிருந்து வருகிறவர்களுக்கெல்லாம் ராசி என்று சொல்லி ஒட்டிக்கொண்டிருந்தான். கோதண்டத்துக்குப் படிக்கத் தெரியாது என்பது தனிக் கதை. பெயர் எழுதுகிற இடம் மட்டும் அவனுக்குத் தெரியும்.

முழியப்பனுக்குச் சின்னச் சந்தேகம். "அவரு அனுபவம் வேற, என் அனுபவம் வேற இல்லையா தம்பி?"

"அண்ணே, வேலை கிடைச்ச பயோடேட்டாண்ணே! அதுல கைவைக்கலாமா? ஓடுற வண்டியை எவனாவது நிறுத்தி இன்ஜினைக் கழட்டுவானா?"

"எனக்கு என்னென்ன தெரியும்னாவது சொல்லிடறேனே."

"வேண்டவே வேண்டாம். சொன்னீங்கன்னா எனக்குக் குழப்பம் வந்துடும். சரி, பொழுதுபோக்கு என்ன போடட்டும்? எல்லாருக்கும் புத்தகம் படிக்கிறதுன்னுதான் போட்டிருக்கு."

"நான் புத்தகமே படிச்சதில்லையே."

"யாருதான் படிச்சா? போட்டுக்கிறதுதான்."

கோதண்டம் பழைய இலையில் சேற்றைத் தடவி, புது இலையை அதன் மேல் வைத்து, இரண்டு கையாலும் தட்டி அப்பினான். ஜெராக்ஸ் ஆகிவிட்டது. பெயரை மட்டும் மாற்றினான். வேப்பெண்ணெயை ஊற்றித் தேய்த்தான். நெடி தாங்காமல், பகல் வெளிச்சமும் சேர்ந்து, முழியப்பனுக்குக் கண்ணிலிருந்து தாரை தாரையாகத் தண்ணீர். 'மேலே சொன்னது அத்தனையும் உண்மை, பொய்யானால் வேலையிலிருந்து நீக்கிக்கொள்ளலாம்' என்ற கடைசி வரிக்குக் கீழே கண்ணை மூடிக்கொண்டே கையைப் பதித்தான்.

கோதண்டம் இலையைச் சுருட்டிக் கொடியால் கட்டினான். "நேர்காணல்ல அவங்கதான் பிரிக்கணும். நீங்க பிரிச்சீங்கன்னா ராசி போயிடும். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக்கூடாது."

"கூலி என்னப்பா?"

"மழை முடியிறவரைக்கும் என் தலைக்குப் பேன் பார்த்துடுங்க. உங்க கண்ணுக்குத் தப்புமா?"

வீட்டுக்கு வந்ததும் வள்ளிக்கொடி ஆசையாகக் கொடியில் கையை வைத்தாள். முழியப்பன் பதறிப்போய்ப் பிடுங்கிக்கொண்டான். "பிரிக்கக் கூடாதாம் புள்ள!"

"உங்க பயோடேட்டாவை நீங்களே பார்க்கக் கூடாதா? என்ன கூத்துங்க இது?" என்று அவள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "என்ன கண்றாவியோ, வேலை கிடைச்சாச் சரி."

இந்த முறை கறையான்கள் அந்த இலையின் பக்கமே வரவில்லை. சுற்றிப்போய்ப் பக்கத்திலிருந்த மேசையைத் தின்றன. முழியப்பனை நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள்.

நேர்காணல் நல்ல உச்சிவெயிலில். அலுவலகம் என்றால் பகலில்தானே திறக்கும். இரவுக் காவலுக்கு ஆள் எடுக்கிறோமே, ராத்திரியில் வைத்துப் பார்க்கலாமே என்று யாருக்கும் தோன்றவில்லை. ராத்திரி வேலை என்று பலரும் விண்ணப்பிக்கவே இல்லை; முழியப்பனோடு இன்னொரு ஆள்தான் மிஞ்சியிருந்தாள், பாக்கியம் என்கிற ஆந்தை. அவள் எருக்கம் இலையில் எழுதிக் கொடுத்திருந்தாள். பால் கசந்ததால் கறையான் தொடவில்லை.

முதலில் பாக்கியத்தைக் கூப்பிட்டார்கள். கரடியார் அவள் பயோடேட்டாவைப் படித்தார். படிக்கப் படிக்க அவர் முகம் கோணிக்கொண்டே போனது.

"ராத்திரியில கண்ணு தெரியும்னு போட்டிருக்கியே, எவ்வளவு தூரம் தெரியும்?"

"தோப்பு மொத்தமும் தெரியுங்கய்யா. எந்தக் கிளையில எந்தப் பழம்னுகூடச் சொல்லிடுவேன்னு அதுலயே எழுதியிருக்கேனே."

"காது?"

"பலாச்சுளையை மெல்லுற சத்தம்கூட ஆத்துக்கு அந்தாண்டை இருந்து கேக்கும்ங்கய்யா."

கரடியார் எச்சில் முழுங்கினார். "ரொம்ப சந்தோஷம்மா. ஆனா இந்த வேலைக்கு உன் தகுதி ரொம்பவே அதிகம். நாளைக்கே நல்ல வேலை கிடைச்சா விட்டுட்டுப் போயிடுவ. போயிட்டு வா."

அடுத்து முழியப்பன். மரத்திலிருந்து இறங்கி நாற்காலி வரைக்கும் வந்துசேரவே கரடியாருக்கு இரண்டு வாழைப்பழம் சாப்பிட நேரமிருந்தது. உட்கார்ந்ததும் தலை துவண்டது. கரடியார் கொடியை அவிழ்த்து, வேப்பெண்ணெய் நெடிக்கு ஒரு தும்மல் போட்டுவிட்டு, உரக்கப் படித்தார்.

"'பொழுது சாய்ந்தால் எனக்குக் கண் தெரியாது.'" கரடியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "'படுத்தால் இடியே விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டேன். இரவு நன்றாகத் தூங்குவதே என் வெற்றியின் ரகசியம்.' அடடா! 'ஆபத்து வந்தால் முதல் ஆளாகப் பறந்துவிடுவேன்.' பறப்பியா நீ?"

அடப்பாவி கோதண்டம், என்னடா இது என்று முழியப்பன் மனதுக்குள் அலறினான். "அ... அது முன்னாடிங்கய்யா. இப்போ விட்டுட்டேன்."

"'என் கொண்டை பார்ப்போர் மெச்சும் செக்கச்செவேல் நிறம்.' கொண்டை எங்கே?"

"வீட்ல வெச்சுட்டு வந்துட்டேங்கய்யா."

"பொழுதுபோக்கு, புத்தகம் படித்தல். ரொம்ப நல்ல பழக்கம்" என்று கரடியார் தலையை ஆட்டினார்.

இதற்குமேல் முழியப்பனால் பொறுக்க முடியவில்லை. நல்ல பிள்ளை ஆயிற்றே. இரண்டு கையாலும் இமையைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான். "ஐயா, மன்னிச்சுக்குங்க. அதுல இருக்கிறது அத்தனையும் தப்பு. உண்மையைச் சொல்லிடறேன். எனக்கு ராத்திரியில..."

அவ்வளவுதான் சொன்னான். வெயில் ஏறிவிட்டது. நின்றபடியே தூங்கிப்போனான். லேசாகக் குறட்டைகூட வந்தது.

கரடியாருக்குக் கண் கலங்கிவிட்டது. எழுந்து கைதட்டினார். "பட்டப்பகல்லயே இப்படின்னா, ராத்திரி எப்படி இருப்பான்! எழுதினதை அப்படியே செஞ்சு காட்டின ஒரே ஆளு இவன்தான். போடு உத்தரவை!"

முழியப்பன் கண்விழித்தபோது மடியில் வேலை உத்தரவு இருந்தது. உண்மையைச் சொல்லித்தான் வேலை கிடைத்தது என்று நினைத்துக்கொண்டான். கரடியார் பெரிய மனசுக்காரர் என்று வீட்டில் போய்ச் சொன்னான். வள்ளிக்கொடி பலாமரம் இருந்த திசை பார்த்துக் கும்பிட்டாள்.

பலாமரப் பொந்து அரண்மனை மாதிரி இருந்தது. மழைத்தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே வராது. குடிபோன கொஞ்ச நாளில் மழையும் பிடித்துக்கொண்டது, வள்ளிக்கொடிக்கு ஆண்குட்டியும் பிறந்தது. அப்பனைப் போலவே முகத்தில் முக்கால்வாசி கண். முழியப்பன் ராத்திரி முழுக்கக் கொட்டக் கொட்ட விழித்துக் காவல் காத்தான். இத்தனை சந்தோஷமாக அவன் எந்த மழைக்காலத்தையும் கழித்ததில்லை.

மழை விட்ட ஒரு ராத்திரி கரடியார் வந்தார். மழைக்கு ஒதுங்கி வாய் நமநமத்துக்கொண்டிருந்தது போல. முழியப்பன் கிளையில் உட்கார்ந்து இரண்டு கண்ணையும் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான். கரடியார் பழத்தைப் பறித்தார், பிளந்தார், சப்புக்கொட்டித் தின்றார். நடுவில் சந்தேகம் வந்து முழியப்பனின் முகத்துக்கு நேராகக் கையை ஆட்டிப் பார்த்தார். முழியப்பன் அதிர்ச்சியில் அசையவே இல்லை. "பாவம், கண்ணைத் திறந்துக்கிட்டே தூங்குது" என்று சொல்லி, அவன் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டு, இன்னொரு பழத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார்.

விடிந்ததும் வள்ளிக்கொடியிடம் சொன்னான். அவள் யோசிக்கவே இல்லை. "அதுக்குத்தானேங்க உங்களை வெச்சிருக்காங்க? போய் ராஜாகிட்ட சொல்லுங்க. காவல்காரன் சொல்லாம யாரு சொல்லுவா?"

முழியப்பன் கிளம்பினான். போய்ச் சேரும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. தூங்கிவிடக்கூடாது என்று வழியில் கசப்பு தலைக்கேறுகிற ஒரு காஞ்சிரங்காயைக் கடித்துத் துப்பிக்கொண்டே போனான். தர்பாரில் சிங்கம் கொட்டாவி விட்டபடி உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் கரடியார்.

"மகாராஜா, பலாப்பழம் திருடினது யாருன்னு கண்டுபிடிச்சுட்டேன். கரடியார்தான். நேத்து ராத்திரி என் ரெண்டு கண்ணால பார்த்தேன்."

கரடியாருக்கு முதலில் வெலவெலத்துத்தான் போனது. ஆனால் அதிகாரி இல்லையா, சமாளித்துக்கொண்டு முழியப்பனின் பயோடேட்டாவை எடுத்துச் சிங்கத்திடம் நீட்டினார். தர்பார் முழுக்க வேப்பெண்ணெய் நெடி பரவியது.

சிங்கம் படித்தது. "முழியப்பா, இதுல பொழுது சாய்ஞ்சா உனக்குக் கண்ணு தெரியாதுன்னு போட்டிருக்கே."

"அது கோதண்டம் எழுதினது மகாராஜா."

"கீழே கை யாருது?"

"என்... என்னோடதுதான்."

"'மேலே சொன்னது அத்தனையும் உண்மை'ன்னு கை வெச்சிருக்க. நல்லா யோசிச்சுச் சொல்லு. இதுல இருக்கிறது பொய்னா, பொய் சொல்லி வேலையில சேர்ந்த குத்தம். இன்னைக்கே வேலையும் கிடையாது, வீடும் கிடையாது. இதுல இருக்கிறது உண்மைன்னா, நீ கரடியைப் பார்த்திருக்க முடியாது. ரெண்டுல எது?"

வெளியே மறுபடியும் மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழை இல்லை, ஓவென்று அடிக்கிற மழை. முழியப்பன் அந்த மழையைப் பார்த்தான். பலாமரப் பொந்தில் வள்ளிக்கொடி குட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்தான். பார்த்ததைச் சொன்னால் மூன்று பேரும் மழையில். சொல்லாவிட்டால் வீட்டில். அவ்வளவுதான் கணக்கு.

"கனவுங்க மகாராஜா" என்றான் முழியப்பன். "நேத்து ராத்திரி நல்ல தூக்கம். தூக்கத்துல கரடியார் வந்தாரு."

சிங்கத்துக்கு ஒரே மகிழ்ச்சி. "பார்த்தீங்களா! வேலையில இருக்கும்போது தூங்கினேன்னு ஒத்துக்கிறான். இந்தக் காட்டுல பயோடேட்டாவுல எழுதினதை ஒழுங்கா செய்யிறவன் இவன் ஒருத்தன்தான்!" என்று எழுந்து வந்து அவன் முதுகில் தட்டியது. முழியப்பன் குப்புற விழுந்தான்.

"அப்போ பழத்தைத் திருடினது யாரு?" என்று கேட்டது ஒரு மான். மான்களுக்கு வாய் சும்மா இருக்காது.

"விசாரிச்சாப் போச்சு" என்றது சிங்கம். "யாரை விசாரணை அதிகாரியாப் போடலாம்?"

கரடியார் முன்னால் வந்தார். "மகாராஜா, நம்ம முழியப்பனையே போடலாம். நடந்தது எதையும் பார்க்காதவன். எந்தப் பக்கமும் சாய மாட்டான்."

அப்படியே ஆனது. விசாரணை என்றால் கரடியார் சொல்லச் சொல்ல ஒரு கிளி எழுதியது, முழியப்பன் தூங்கினான். எழுதி முடித்ததும் எழுப்பிக் கையை வைக்கச் சொன்னார்கள். அறிக்கை இதுதான்: 'இருட்டில் பழம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்தான் இருட்டில் பழத்தைத் திருட முடியும். எந்தக் கிளையில் எந்தப் பழம் என்பதுவரை இருட்டில் தனக்குத் தெரியும் என்று ஆந்தை பாக்கியம் தன் பயோடேட்டாவில் தானே எழுதிக்கொடுத்திருக்கிறாள். இதைவிட ஒப்புதல் வாக்குமூலம் வேறென்ன வேண்டும்?'

"ஐயோ, நான் பலாப்பழமே தின்ன மாட்டேனே! எலிதாங்க தின்னுவேன்!" என்று பாக்கியம் கத்தினாள்.

"அது உன் பயோடேட்டாவுல இல்லையே" என்றார் கரடியார். பாக்கியத்தைத் தோப்புப் பக்கமே தலைகாட்டக் கூடாது என்று விரட்டிவிட்டார்கள். போகும்போது அவள் முழியப்பனைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அதை மட்டும் அவனால் பார்க்காத மாதிரி இருக்க முடியவில்லை. கூனிக் குறுகிப்போனான்.

வீட்டுக்கு வந்தான். வள்ளிக்கொடி அவன் முகத்தைப் பார்த்தாள். கேட்க வந்ததைக் கேட்காமல் நகர்ந்து, அவன் உட்கார இடம் கொடுத்தாள். வெளியே மழை. உள்ளே கதகதவென்று இருந்தது.

மழை விட்டுப் பொழுது சாய்கிற நேரம். குட்டி அப்போதுதான் தூங்கி எழுந்து, பொந்து வாசலில் தொற்றிக்கொண்டு, கண்ணை அகல விரித்துத் தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தது. வாய் திறந்து பேசப் பழகிய நாளிலிருந்து கண்ணில் பட்டதற்கெல்லாம் பெயர் சொல்லிக்கொண்டிருந்தது அது.

"அப்பா! மரம்!"

"ஆமாண்டா கண்ணு, மரம்."

"அப்பா! பழம்!"

"ஆமா, பழம்."

"அப்பா! கரடி! கரடி பழம் தின்னுது!"

முழியப்பன் எழுந்து வந்தான். குட்டியைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டான். தன் உள்ளங்கையால் அதன் இரண்டு கண்ணையும் மெதுவாகப் பொத்தினான்.

"நமக்கு ராத்திரியில கண்ணு தெரியாதுடா ராசா" என்றான்.

நீதி: பயோடேட்டாவில் பொய் இருக்கிறதே என்று கவலைப்படாதீர்கள், வேலை கிடைத்து ஒரு மழைக்காலம் போனால் அது உண்மையாகிவிடும்.